சவுக்குமேட்டு வழக்கறிஞர் தில்லி சென்றது

திரு. வேதசிரோமணி அவர்கள் வழக்கறிஞராய் இருந்து மக்களவை உறுப்பினராய் உயர்ந்தவர். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர் தில்லியில் ஆற்றிய உரைகளையும், அவர் அங்கம் வகித்த குழுக்களையும் எழுதுகின்றனர். அவரிடம் நெடுங்காலம் குமாஸ்தாவாகப் பணியாற்றிய பக்தவச்சலம் ஆகிய நான், அவர் முதன்முறை தேர்தலில் நின்ற காலத்தில் சவுக்குமேட்டில் நிகழ்ந்தவற்றை எழுத விரும்புகிறேன். இவை எந்த மலரிலும் அச்சேறவில்லை.

தாம்பரம் இரயில் நிலையத்திற்கு மேற்கே, மிதிவண்டிக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வேதசிரோமணி அவர்கள் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர், உயரமானவர், வேகமாக நடப்பவர். ஞாயிறுதோறும் ஆலயப் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுவார். அதே குரலில்தான் செங்கற்பட்டு முன்சீப் நீதிமன்றத்திலும் வாதிடுவார். எதிர்த்தரப்பில் வாதிடும் திரு. ஸ்ரீரங்கன் அவர்கள், "மிஸ்டர் வேதசிரோமணி, இது கோர்ட்டு, உங்க சர்ச்சு இல்லை. கொஞ்சம் மெதுவா பேசினாலும் கடவுளுக்குக் கேட்கும்" என்று கேலி செய்வதுண்டு.

எங்களிடம் இருந்த வழக்குகளுள் மிகப் பழையது சவுக்குமேட்டு வழக்கு. சவுக்குமேடு என்பது பெருங்களத்தூர் செல்லும் வழியில், தண்டவாளத்திற்கு அப்பால் அமைந்த ஒரு குடியிருப்பு. கட்டட வேலை செய்வோர், பல்லாவரத்துத் தோல் பதனிடும் சாலைகளில் உழைப்போர், காவலாளிகள், பூ விற்போர் எனப் பலவகை மக்கள் அங்கு வாழ்ந்தனர். ஓர் அம்மன் கோயிலும், அதற்கு எதிரே ஒரு சிறிய மாதா குருசடியும் இருந்தன. முதலில் ஓலைக் குடிசைகளாய் இருந்தவை பின்னர் ஓட்டு வீடுகளாயின. அவ்வாறு அம்மக்கள் காலூன்றிய பின்னர், துரை என்னும் மனை வணிகர் அந்த மேடு முழுவதையும் அதன் பழைய உரிமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கினார். மனைகளாகப் பிரித்து விற்கும் நோக்குடன், அனைவரையும் வெளியேற்றக் கோரி வழக்குத் தொடுத்தார். தண்டவாளத்திலிருந்து முதல் வீடு கங்கம்மாவுடையது. ஆகையால் வழக்கில் முதல் பிரதிவாதியும் அவரே. கங்கம்மா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூச்செடி விற்பவர். கணவரை இழந்தவர். அந்தக் குடியிருப்பில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

வேதசிரோமணி அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சவுக்குமேட்டு வழக்கு விசாரணைக்கு வந்த நாள்களில், செங்கற்பட்டிலிருந்து இரயிலில் திரும்பியதும் அவர் அலுவலகத்திற்கு வரமாட்டார். நேரே சவுக்குமேட்டிற்குச் சென்று, அம்மன் கோயில் வாயிலில் நின்று, அன்று நீதிமன்றத்தில் நடந்ததை அனைவருக்கும் எடுத்துரைப்பார். பெரும்பாலும் எடுத்துரைக்க அதிகம் இருக்காது.

"இன்னா சார் ஆச்சி?" என்று கங்கம்மா கேட்பார்.

"வாய்தா போட்டுட்டாங்க கங்கம்மா. அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க."

"வாய்தாவா! ஏய் சரசு, வாய்தா குடுத்துட்டாங்கடி!"

உடனே குடியிருப்பு முழுவதும் மகிழ்ச்சி பரவும். மாலையில் கோயிலில் சுண்டல் வழங்கப்படும். குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றப்படும். அடுத்த தேதி வரும்வரை ஒருவரும் வீட்டை இடிக்க இயலாது என்பதே அம்மக்களின் கணக்கு. வாய்தா வாங்கித் தருபவரே வல்லமை மிக்க வழக்கறிஞர் என்று அவர்கள் உறுதியாக நம்பினர். வாய்தா என்பது வெற்றி ஆகாது என்பதை வேதசிரோமணி அவர்கள் பலமுறை விளக்கினார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவருக்கு இன்னொரு கரண்டி சுண்டல் வைத்தனர்.

அக்கோயில் வாயிலில் அவர் பேசுவதைக் கேட்கப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் மக்கள் வரலாயினர். சட்டத்தை இவ்வளவு எளிமையாகச் சொல்பவரை அவர்கள் கண்டதில்லை. அதனால் அவருடைய பெயர் நெடுஞ்சாலை நெடுகிலும் பரவிற்று. எண்பத்தொன்பதாம் ஆண்டில் மக்களவைத் தேர்தல் வந்தபோது, அவர் சார்ந்திருந்த கட்சி அவரையே வேட்பாளராக நிறுத்த முன்வந்தது. நாடாளுமன்றம் செல்ல வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு என்பதை நான் அறிவேன். ஆயினும் அவர் உடனே இசைவு தரவில்லை. எடுத்த வழக்கைப் பாதியில் விடுவதாயின், வழக்கை ஒப்படைத்தவரிடம் முதலில் கேட்டாக வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஒரு ஞாயிறு மாலை நாங்கள் சவுக்குமேட்டிற்குச் சென்றோம். இளம் வழக்கறிஞர் ஹில்டாவும் உடன் வந்தார். ஹில்டா மூன்றாண்டுகளாக வேதசிரோமணி அவர்களிடம் ஜூனியராக இருந்தவர். மெலிந்த உருவமும் தடித்த கண்ணாடியும் உடையவர். வேதசிரோமணி அவர்கள் தேர்தல் செய்தியைச் சொன்னார். கங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், டில்லி எம்மாந் தொலைவு?"

"ரயில்ல ரெண்டு ராத்திரி ஆகும்."

"வாய்தா அன்னிக்கு காலீல தந்தி அட்ச்சா, கோர்ட்டு தொறக்கறதுக்குள்ள வந்துருவீங்களா?"

"அது எப்படிம்மா முடியும்?"

"அப்போ எங்க கேஸு இன்னா ஆவறது?"

"ஹில்டா பாத்துக்குவாங்க. இந்தக் கேஸ்கட்டை என்னைவிட அவங்கதான் நல்லா படிச்சிருக்காங்க."

அனைவரும் ஹில்டாவை நோக்கினர். பின்வரிசையில் இருந்த ஒரு முதியவர் எழுந்து, "அந்தப் பாப்பாவா? கோர்ட்டாண்ட அது கொரலு கேக்குமா சார்?" என்று ஐயம் எழுப்பினார்.

"இங்கேருந்து உங்களுக்குக் கேக்குதா தாத்தா?" என்றார் ஹில்டா.

"கேக்குது."

"அப்போ ஜட்ஜுக்கும் கேக்கும். அவர் உங்களைவிட பக்கத்துலதான் உக்காந்திருப்பார்."

சிலர் சிரித்தனர். கங்கம்மா சிரிக்கவில்லை. தம் தீர்ப்பை வழங்கினார்: "நீங்க நில்லுங்க சார். வாணான்னு சொல்ல நான் யாரு? ஆனா எங்க ஓட்டு உங்களுக்குக் கெடியாது. ஒரு ஓட்டுகூட கெடியாது. நல்லா தோத்துட்டு எங்களாண்டயே வந்துருங்க."

வேதசிரோமணி அவர்கள் முதலில் திகைத்தார். பின்னர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி கங்கம்மா. அது உங்க உரிமை" என்றார். தண்டவாளத்தைக் கடந்து திரும்பும்போது என் தோளைத் தட்டி, "பக்தவச்சலம், முப்பது வருஷம் பிராக்டிஸ் பண்ணாலும் இப்படி ஒரு சர்டிபிகேட் கிடைக்காதுய்யா" என்று சொன்னார்.

கங்கம்மா தம் வாக்குரிமையோடு நின்றுவிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் நான் அவரை நேரில் கண்டேன். ரோஜாச் செடிகளையும் குரோட்டன்ஸ் செடிகளையும் பரப்பி வைத்து, வாங்க வந்த பெண்மணி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, யாருக்கு வோணா போடுங்க. அந்த வக்கீலு வேதசிரோமணிக்கு மட்டும் போட்டுறாதீங்க."

"ஏம்மா, மோசமான ஆளா?"

"அய்ய, யாரு சொன்னா? தங்கமான மனுசன்க்கா! கேஸு நடந்தா அன்னிக்கு சாயங்காலமே வூட்டாண்ட வந்து இன்னா நடந்திச்சின்னு சொல்லுவாரு. எந்த வக்கீலு வருவான்? அவரு டில்லிக்குப் பூட்டார்னா எங்க வூட்ட யாரு காப்பாத்துவா?"

"அவ்ளோ நல்லவரா!" என்று அப்பெண்மணி வியந்தார். ஒரு ரோஜாச் செடியை வாங்கிக்கொண்டு, "யாருன்னு சொன்ன, வேதசிரோமணியா?" என்று பெயரை மீண்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு சென்றார்.

இவ்வாறு அவர் செடி வாங்கியவர்களிடமும் விலை மட்டும் கேட்டவர்களிடமும் பேசினார். பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர்களையும் விடவில்லை. எதிர்க்கட்சியினர் இதைக் கேள்வியுற்று, தங்கள் கொடியை ஏந்திப் பிரசாரம் செய்யுமாறு அவரை அழைத்தனர். "எனக்கு உங்க கொடியும் வாணாம், தடியும் வாணாம். எனக்கு எங்க வக்கீலு வோணும், அம்மாந்தான்" என்று அவர்களைத் துரத்திவிட்டார். எங்கள் கட்சி இளைஞர் சிலர் சினமுற்று அவரைத் தடுக்க முற்பட்டனர். வேதசிரோமணி அவர்கள் அதற்கு இடமளிக்கவில்லை. "அந்தம்மா என்னைப் பத்தி ஏதாவது பொய் சொன்னாங்களா? இல்லையே! விடுங்கப்பா" என்றார்.

எங்கள் சுவரொட்டிகளைக் காட்டிலும் கங்கம்மாவின் வாய்மொழி விரைவாகப் பயணம் செய்தது. குரோம்பேட்டையில் வாக்குச் சேகரிக்கச் சென்றபோது ஒரு வீட்டு அம்மையார், "ஓ, கேஸ் குடுத்தவங்களே விடமாட்டேங்கறாங்களாமே, அந்த வக்கீல்தானா நீங்க? உள்ள வாங்க, காபி சாப்பிடுங்க" என்று வரவேற்றார். பிற இடங்களிலும் இத்தகைய வரவேற்பே கிடைத்தது.

வேதசிரோமணி அவர்கள் வெற்றி பெற்றார். தாம்பரத்தில் வெடி வெடித்தனர். சவுக்குமேட்டில் மட்டும் இழவு வீட்டைப் போன்ற அமைதி நிலவிற்று. நான் செய்தி சொல்லச் சென்றபோது கங்கம்மா தலையில் கை வைத்து அமர்ந்திருந்தார்.

"மெய்யாலுமே கெலிச்சிட்டாரா குமாஸ்தா?"

"ஆமாம்மா. நல்ல வித்தியாசத்தில்."

"நான் அவ்ளோ சொல்லியும் போட்டுக்கீறானுங்க பாரு! இந்த ஊரு ஜனங்களுக்கு ஒரு பேச்சு சொன்னா ஏறுதா?"

தேர்தலில் நின்றபோது சொன்னவாறே வேதசிரோமணி அவர்கள் வழக்கிலிருந்து விலகினார். ஹில்டாவின் பெயரில் புதிய வக்காலத்து எழுதப்பட்டது. கங்கம்மா அதில் கைரேகை வைக்கும்போது, "பாப்பா, மாசாமாசம் வாய்தா மட்டும் வாங்கிக் குடுத்துரு. வேற ஒண்ணும் நீ செய்ய வாணாம்" என்று கேட்டுக்கொண்டார்.

ஹில்டா அதைத்தான் செய்யவில்லை. முதல் தேதியன்றே, வாய்தா வேண்டாம் என்றும் விசாரணையைத் தொடங்கலாம் என்றும் நீதிபதியிடம் தெரிவித்தார். துரையின் வழக்கறிஞரான ஸ்ரீரங்கன் அவர்கள் கையிலிருந்த பொடி டப்பாவைத் திறக்கவும் மறந்து அவரை நோக்கினார். அன்று மாலை சவுக்குமேட்டில் சுண்டல் இல்லை. பெருங்கூச்சல் எழுந்தது.

"கெடைச்ச வாய்தாவ வாணான்னு சொல்லிக்கினு வந்துக்கீறியே, உனுக்கு இன்னா பேஜாரு பண்ணோம் நாங்க?" என்றார் கங்கம்மா.

ஹில்டா அசையவில்லை. "அக்கா, துரைக்கு மூணு பசங்க. இன்னும் பத்து வருஷம் இழுத்தா ஒரு துரைக்குப் பதிலா மூணு துரைங்க வருவாங்க. நீங்க இந்த மேட்டுக்கு முதல்ல வந்ததைப் பார்த்தவங்க எல்லாருக்கும் வயசாகுது. பன்னெண்டு வருஷத்துக்கு மேல யாரும் வந்து கேக்காம நீங்க குடியிருக்கீங்கன்னு அவங்க சாட்சி சொன்னா, சட்டப்படி இடம் உங்களுது. அவங்க இருக்கும்போதே முடிச்சாத்தான் நமக்கு நல்லது. வாய்தா வாங்கிட்டே இருந்தா வீடு உங்களுது ஆகாது. இடிக்காம இருக்கும், அவ்வளவுதான்."

இது நியாயம் என்பது கங்கம்மாவுக்குப் புரிந்தது. ஆனால் அச்சம் நீங்கவில்லை. வழக்குத் தோற்றால் அத்தனை குடும்பங்களும் தெருவில் நிற்க வேண்டும். ஆகவே அவர் மனத்தில் புதியதோர் எண்ணம் உதித்தது. நாடாளுமன்றத்திற்கு விடுமுறை விட்டு வேதசிரோமணி அவர்கள் தாம்பரம் வந்திருந்தபோது, மாடிப்படி ஏறி நேரே அவர் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"சார், எம்.பி. ஆயிட்டா கோர்ட்டுல பேசக் கூடாதுன்னு சட்டம் கீதா?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"அப்போ விசாரணை அன்னிக்கு நீங்க வந்து நில்லுங்க. பேசக்கூட வாணாம். அந்தப் பாப்பா பேசட்டும். நீங்க அது பின்னாடி சும்மா நின்னா போதும். எம்.பி. நிக்கறார்னு பாத்தாலே ஜட்ஜு அய்யா நம்ம பக்கம் சாஞ்சிருவாரு."

"அதுக்காகத்தான் நான் வரக்கூடாது கங்கம்மா."

"இன்னா சார் சொல்றீங்க?"

வேதசிரோமணி அவர்கள் எழுந்து, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கங்கம்மா அமரவில்லை.

"நான் வந்து நின்னு நீங்க ஜெயிச்சா, துரை மேல் கோர்ட்டுக்குப் போய், எம்.பி. வந்து நின்னாரு, ஜட்ஜ் பயந்துட்டாருன்னு சொல்லுவார். அதுக்கு என்ன பதில் சொல்றது? அப்புறம் நான் எம்.பி.யா இருக்கற வரைக்கும்தான் வீடு உங்களுது. அடுத்த எலெக்‌ஷன்ல நான் தோத்தா? துரையே நின்னு ஜெயிச்சிட்டா? அப்போ அவர் வந்து நிப்பார் இல்ல?"

"அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம். இப்போ எங்க வூடு நிக்கணும்."

"நான் வரமாட்டேம்மா."

"அப்போ நீங்க எம்.பி. ஆனதுல எங்களுக்கு இன்னா சார் லாபம்?"

கங்கம்மா இறங்கிச் சென்றபின், வேதசிரோமணி அவர்கள் சவுக்குமேட்டுக் கேஸ்கட்டை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் சிவப்பு நாடாவை அவிழ்க்காமலே நெடுநேரம் அமர்ந்திருந்தார். "ஹில்டா தோத்துட்டா நான் அந்தத் தெருவுல எந்த முகத்தோட நடப்பேன், பக்தவச்சலம்?" என்று கேட்டுவிட்டு, கேஸ்கட்டை அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். விசாரணை நடக்கும் வாரத்தில் ஊரில் இருந்தாலும் மக்கள் ஏதேனும் பேசுவர் என்று கருதி, கூட்டத்தொடர் தொடங்குமுன்பே தில்லிக்குப் புறப்பட்டுவிட்டார்.

விசாரணை நாளன்று சவுக்குமேடே இரயில் ஏறிச் செங்கற்பட்டு வந்தது. துரை வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாகக் கூண்டில் ஏறினார். அவர் கொடியவர் அல்லர். விலை கொடுத்து வாங்கிய நிலம் கைக்கு வரவில்லையே என்னும் வருத்தம் உடையவர். ஹில்டா அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"இந்த இடத்தை வாங்கறதுக்கு முன்னாடி போய்ப் பார்த்தீங்களா?"

"பாத்தேம்மா. பாக்காம வாங்குவனா?"

"உள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல, ரயில்ல போவும்போது பாத்தேன். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு சாமி கும்புடப் போயிகினு இருந்தேன். புரோக்கரு ஜன்னல் வழியா காட்டினாரு."

"ஜன்னல்லேர்ந்து என்ன தெரிஞ்சுது?"

"மேடு தெரிஞ்சுது. வூடுங்க தெரிஞ்சுது."

"வீடுங்களா? ஓலையா, ஓடா?"

"ஓடுதான். ஒரு புளியமரம்கூட இருந்திச்சி. கூரைக்கு மேல நல்லா வளந்த மரம். பொம்பளைங்க அதுங்கீழ குந்திகினு இருந்தாங்க."

ஸ்ரீரங்கன் அவர்கள் கண்களை மூடிக்கொண்டார். ஹில்டா அடுத்த கேள்வியை மிகவும் பணிவாகக் கேட்டார்: "உங்களுக்கு வித்தவர் அந்த மேட்டுல என்னிக்காவது குடியிருந்ததைப் பார்த்தவங்க யாராவது உண்டா?"

"அவரு மெட்ராஸ்ல இல்ல இருந்தாரு! அவரே இந்தப் பக்கம் வந்தது கெடியாதுன்னு சொன்னாரே!"

நீதிமன்றத்தில் சிரிப்பொலி எழுந்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். பின்னர் சவுக்குமேட்டு முதியோர் ஒவ்வொருவராய்ச் சாட்சியம் அளித்தனர். ஹில்டாவின் குரல் நன்றாகவே கேட்டது.

தீர்ப்பு வெளியான நாளில் கங்கம்மா முதல் வரிசையில் நின்றார். விற்றவரும் வாங்கியவரும் சட்டம் வகுத்த காலத்திற்குள் உரிமை கோரவில்லை என்றும், அம்மக்கள் நெடுங்காலம் அங்குக் குடியிருந்து நிலத்தை அனுபவித்து வந்தது மெய்ப்பிக்கப்பட்டது என்றும் கூறி, நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். கங்கம்மா என் சட்டைக் கையைப் பற்றி இழுத்தார்.

"அடுத்த தேதி எப்போ குமாஸ்தா?"

"இனித் தேதி இல்லைம்மா. முடிந்துவிட்டது. வீடு உங்களுடையது."

திரும்பும் இரயிலில் எல்லோரும் ஆடிப் பாடிக்கொண்டு வந்தபோதும் கங்கம்மா சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரப்பாக்கம் கடந்தபின்னர், "மெய்யாலுமா?" என்று கேட்டார். "மெய்தான்" என்றேன். அப்போதுதான் அழத் தொடங்கினார். எதிரே அமர்ந்திருந்த ஹில்டாவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, அவருடைய கண்ணாடி நழுவி விழும் அளவிற்குத் தலையைத் தடவிக் கொடுத்தார். ஹில்டா ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தாம்பரத்தில் இறங்கியதும், தில்லியில் இருந்த வேதசிரோமணி அவர்களிடம் தொலைபேசியில் பேச, நாங்கள் நிலையத்தின் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திற்குச் சென்றோம். மக்கள் வெளியே கூடி நிற்க, ஹில்டா முதலில் பேசினார். அப்பீல் பற்றி வேதசிரோமணி அவர்கள் வினவினார் போலும். "அப்பீல் போனாலும் அந்த ரயில் ஜன்னலும் கூடவே வரும்னு ஸ்ரீரங்கன் சாரே சொல்லிட்டார் சார்" என்று ஹில்டா விடையளித்தார். மறுமுனையில் அவர் சிரித்தது கண்ணாடிக் கதவிற்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது. பிறகு கங்கம்மா உள்ளே நுழைந்து, தொலைபேசியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"சார், நான் கங்கம்மா பேசறேன். நல்லா கீறீங்களா? சோறு தண்ணி சரியா கெடைக்குதா அங்க? ... கெலிச்சிட்டோம் சார். பாப்பாதான் கெலிச்சிச்சி. நீங்க வராம இருந்தது நல்லதாப் போச்சி. ... ஆமா, நான்தான் சொல்றேன். கோவமெல்லாம் இல்ல."

சற்று நேரம் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். குரல் மாறிற்று.

"சரி சார், வக்கீலாண்ட பேச வேண்டியது முடிஞ்சிச்சி. இப்போ எம்.பி.யாண்ட பேசறேன். ரயிலு டில்லி கவர்மெண்ட்டுது தானே? எங்க புள்ளைங்க தெனமும் தண்டவாளத்த தாண்டிகினு பள்ளிக்கூடம் போவுதுங்க. இன்னிக்கு வரிக்கும் இந்த எடம் எங்களுது இல்லன்னுதான் வாயத் தொறக்கல. இப்போ எங்களுது ஆயிடுச்சி. எங்களுக்கு ஒரு பாலம் வோணும்."

மறுமுனையில் அவர் ஏதோ கேட்டார். கங்கம்மா கதவைச் சற்றே திறந்து, "குமாஸ்தா, எத்தினி பேரு தாண்டறாங்க, எந்தெந்த பள்ளிக்கூடம், எல்லாம் எழுதி உடனே அனுப்பணுமாம். வெவரம் இருந்தாத்தான் சபையில எழுந்து கேக்க முடியுமாம்" என்றார். வெளியே நின்றவர்கள் ஒரே நேரத்தில் தத்தம் பிள்ளைகளின் பெயர்களைக் கூறத் தொடங்கினர். நான் பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தேன்.

"அப்பால இன்னொண்ணு சார்" என்று கங்கம்மா உள்ளே தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்.